சுமைகூலி முக்கால் பணம்: குழு வழக்குகள் உலகைச் சுற்றிய விதமும் மலையேறத் திணறும் காரணமும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் மாதம் 400 கிலோ பச்சைத் தேயிலை கொடுக்கிறார் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். விலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் முறைகேடாகக் குறைத்துவிட்டால் அவருக்கு நட்டம் 400 ரூபாய். இதற்காக ஊட்டிக்குப் பஸ் ஏறி, வக்கீலைப் பார்த்து, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு நாள் வேலையையும் கெடுத்துக்கொண்டால் கையிலிருப்பதும் போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதே ஒரு ரூபாயைப் பத்தாயிரம் பேரிடம் குறைத்தால் மாதம் 40 லட்சம். எடுத்தவருக்கு அது பெரும் பணம். கொடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட வழக்குப் போடக் கட்டாத பணம். குழு வழக்கு என்ற ஏற்பாடே இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

நிறையப் பேரிடம் கையெழுத்து வாங்கிப் போடுவதே குழு வழக்கு என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறார்கள். இருநூறு பேர் கையெழுத்துப் போட்டால் அது இருநூறு பேருடைய கூட்டு மனு, அவ்வளவுதான். குழு வழக்கில் இரண்டு மூன்று பேர் கோர்ட்டுக்குப் போகிறார்கள். போகாதவர்கள், வழக்கு நடப்பதே தெரியாதவர்கள் உட்பட எல்லோரையும் தீர்ப்பு கட்டுப்படுத்துகிறது. ஜெயித்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. தோற்றாலும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் தோல்வி. பிறகு தனியாக வந்து கேட்க முடியாது. வராதவரின் உரிமையை வந்தவர் கையில் கொடுப்பதால்தான் கோர்ட்டின் அனுமதி, பத்திரிகை அறிவிப்பு, சமரசத்துக்கு நீதிபதியின் ஒப்புதல் என்று இத்தனை கட்டுக்காவல். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் எளிதாகப் புரியும்.

வேர் இங்கிலாந்தின் பழைய சான்சரி நீதிமன்றங்களில் இருக்கிறது. ஒரே நலன் உள்ள பலருக்காகச் சிலர் வழக்காடலாம் என்ற அந்த வழக்கத்தை அமெரிக்கா 1938இல் தன் கூட்டாட்சி உரிமையியல் விதிகளில் 23ஆம் விதியாக எழுதியது. 1966இல் செய்த திருத்தம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அதன்படி இழப்பீடு கேட்கும் வழக்கில் 'நான் சேர மாட்டேன்' என்று எழுதிக் கொடுக்காத எல்லோரும் குழுவுக்குள் இருப்பவர்களே. ஆட்கள் அதிகம் இருக்க வேண்டும், பொதுவான கேள்வி இருக்க வேண்டும், முன்னால் நிற்பவரின் குறை மற்றவர்களுடையதைப் போன்றதாக இருக்க வேண்டும், அவரும் வக்கீலும் மற்றவர்களுக்கு உண்மையாக நிற்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். இந்த நான்கையும் நீதிபதி பார்த்துச் சான்று கொடுத்த பிறகுதான் அது குழு வழக்கு. பணம் கேட்கும் வழக்கானால், பொதுக் கேள்வி தனித்தனிக் கேள்விகளைவிட மேலோங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்.

இந்தச் சான்றில்தான் அங்கே பாதி யுத்தம் நடக்கும். சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாரபட்சம் என்று வால்மார்ட் மீது சுமார் 15 லட்சம் பெண்கள் சார்பில் போட்ட வழக்கு 2011இல் உச்ச நீதிமன்றத்தில் இங்கேதான் விழுந்தது. பாரபட்சம் நடந்ததா என்ற கேள்விக்கே போகாமல், எல்லோரையும் இணைக்கும் பொதுக் கேள்வி எது என்று காட்டவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு ஏடி அண்ட் டி மொபிலிட்டி என்ற செல்போன் நிறுவனத்தின் வழக்கில், ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் 'தகராறு வந்தால் தனித்தனியாக நடுவரிடம் போக வேண்டும்' என்று இருந்தால் அது செல்லும் என்றார்கள். குழு வழக்கின் தாய்வீட்டிலேயே வாசலில் பாதி அடைத்தாயிற்று. மற்ற நாடுகள் கதவைத் திறந்துகொண்டிருந்த காலம் அது என்பதுதான் வேடிக்கை.

கியூபெக் 1978இலேயே திறந்துவிட்டது. பிரேசில் 1985இல் பொது உரிமையியல் வழக்குச் சட்டம் கொண்டுவந்து, அரசு வழக்குத் துறைக்கும் சங்கங்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் 1992இலிருந்து ஏழு பேருக்கு ஒரே மாதிரி குறை இருந்தால் போதும். முன்கூட்டியே சான்று வாங்கத் தேவையில்லை, எதிராளிதான் 'இது குழு வழக்காக நடக்கக் கூடாது' என்று சொல்லித் தடுக்க வேண்டும். 2009 காட்டுத்தீயில் கில்மோர் ஈஸ்ட் பகுதியில் இழந்தவர்களுக்கு 2014இல் 49.4 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சமரசம் கிடைத்தது இந்த வழியில்தான்.

ஐரோப்பா ரொம்பக் காலம் முகம் சுளித்தது. வக்கீல்கள் கொழுக்கவே இது என்ற எண்ணம் அங்கே ஆழமாக இருந்தது. அதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தச் சுளிப்பைக் குறைத்தது ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் புகை மோசடி. அமெரிக்காவில் 2016இல் 1,470 கோடி டாலர் வரையிலான சமரசம் வந்து, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடிந்தது. அதே வண்டியை வைத்திருந்த ஜெர்மானியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஜெர்மனி 2018 நவம்பரில் 'மாதிரி வழக்கு' என்ற முறைக்கான சட்டத்தை அவசரமாகக் கொண்டுவர, நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டு, 2020இல் சுமார் 2.6 லட்சம் பேருக்கு 83 கோடி யூரோ வரை பேசி முடித்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் எல்லா உறுப்பு நாடுகளும் ஏதாவது ஒரு குழு வழக்கு முறை வைத்தாக வேண்டும் என்று ஆணை போட்டது. 2023 ஜூன் 25 முதல் அது நடைமுறையில். அங்கே தனிமனிதரோ வக்கீலோ வழக்கை ஆரம்பிக்க முடியாது. தகுதி பெற்ற அமைப்புகள் மட்டுமே முடியும். தென்னாப்பிரிக்கா, இஸ்ரேல், ஜப்பான், தாய்லாந்து என்று பட்டியல் நீளும். சீனாவில் காங்மெய் மருந்து நிறுவனத்தின் பொய்க் கணக்கு வழக்கில் 2021இல் 52,000 முதலீட்டாளர்களுக்கு 245.9 கோடி யுவான் தீர்ப்பானது.

இந்தியாவில் ஃபோக்ஸ்வாகன் வாங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது? 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஃபோக்ஸ்வாகனுக்கு 500 கோடி ரூபாய் விதித்தது. அது சுற்றுச்சூழலுக்கான தொகை. வண்டி வாங்கியவருக்கான இழப்பீடு இல்லை. அதையும் வசூலிக்காதபடி உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

ஜெயித்தாலும் கையில் என்ன வரும் என்பதற்கு இங்கிலாந்தின் மாஸ்டர்கார்டு வழக்கைப் பார்க்க வேண்டும். 4.6 கோடி நுகர்வோர் சார்பில் 2016இல் 1,400 கோடி பவுண்டு கேட்டுப் போட்டார்கள். அனுமதிக்கே உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 டிசம்பர் ஆயிற்று. கடைசியில் 20 கோடி பவுண்டுக்குச் சமரசம். செலவுக்குப் பணம் போட்ட நிறுவனமே 'இது மிகக் குறைவு' என்று எதிர்த்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் எழுபது மடங்கு வித்தியாசம். கோரிக்கைத் தொகையைப் பெரிய எழுத்தில் போடும் செய்திகளை நம்பிவிடக் கூடாது.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. தவறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் கட்டளை, எட்டாம் விதி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. ஒரே நலன் உள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ கோர்ட் அனுமதியோடு வழக்காடலாம். கோர்ட் எல்லோருக்கும் நோட்டீஸ் கொடுக்கும், ஆட்கள் அதிகமானால் பத்திரிகை விளம்பரம். விருப்பமுள்ளவர் தன்னையும் தரப்பினராகச் சேர்க்கக் கேட்கலாம். தீர்ப்பு எல்லோரையும் கட்டும். அமெரிக்காவில் உள்ள 'நான் விலகுகிறேன்' என்ற உரிமை இதில் எழுதப்படவில்லை. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்தின் மீது ஒதுக்கீட்டாளர் கணபதி போட்ட வழக்குதான் இதில் நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. கூடுதல் பணம் கேட்டு வாரியம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டீஸ் அனுப்பியது. அதனால் வழக்கும் தனித்தனியாகத்தான் போட வேண்டும் என்று வாரியம் வாதிட்டது. 1990இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: நலன் ஒன்றாக இருந்தால் போதும், வழக்கு எழக் காரணமான நிகழ்வு ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

பெரிய அளவில் நாம் பார்த்தது போபால் விஷவாயு வழக்கு. 1985இல் தனிச் சட்டம் போட்டு, பாதிக்கப்பட்டவர்கள் எல்லோர் சார்பிலும் வழக்காடும் உரிமையை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. 330 கோடி டாலர் கேட்டு, 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு முடித்தது. யாருக்காகப் பேசினார்களோ அவர்களைக் கேட்காமல் முடித்தார்கள். வராதவரைக் காக்கும் கட்டுக்காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் கணக்கு மோசடி இன்னொரு வகை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் வாங்கியவர்களுக்கு அங்கத்திய குழு வழக்கில் 12.5 கோடி டாலர் வந்தது. இங்கே வாங்கியவர்களுக்கு அப்படி ஒரு வழியே இல்லை. அதன் பிறகுதான் 2013 கம்பெனிச் சட்டத்தில், பங்குதாரர்கள் குழுவாக வழக்காட இடம் தரும் 245ஆம் பிரிவு வந்தது. அது நடைமுறைக்கு வந்ததே 2016இல்.

சட்டம் இருந்தும் ஏன் ஓடவில்லை? பணம். அமெரிக்காவில் குழு வழக்கை ஓட்டுவது வக்கீலின் முதலீடு. ஜெயித்தால் கிடைப்பதில் கால் பங்கோ அதற்கு மேலோ கூலி, தோற்றால் ஒன்றுமில்லை. இந்திய பார் கவுன்சில் விதி அந்த ஏற்பாட்டைத் தடை செய்கிறது. வழக்கின் பலனில் வக்கீல் பங்கு கேட்கக் கூடாது. வெளியாள் பணம் போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னாலும், நூறு ஹட்டிகளில் (மலைக் கிராமங்களில்) சிதறிக் கிடக்கும் சிறு நட்டத்துக்கு யார் போடுவார்? தமிழ்நாட்டில் உரிமையியல் கோர்ட்டில் இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கட்டணம். 2017க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது என்பதால் இதைக் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு கோடி கேட்க மூன்று லட்சம் எண்ணி வைக்க வேண்டும்.

அதனால் மலைக்காரர்கள் பிடித்துக்கொண்டது ரிட் மனுவையும் (உத்தரவு கேட்டு நேரே உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ போடும் மனு) பொதுநல வழக்கையும். அதில் மலைக்கு உள்ள ராசி பெரியது. கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் போட்ட மனுவில், 1996 டிசம்பர் 12ஆம் தேதி ஆணையால் நாடு முழுக்கக் காடு என்றால் என்ன என்பதே மாறியது. கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் அனுமதியை மீறி எழுப்பிய மாடிகளை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் போட்ட வழக்கு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. சீகூர் யானை வழித்தடத்தை 2020இல் உறுதி செய்தார்கள். டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில்தான் தொடங்கியது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் 2024 மே 7 முதல். இரண்டும் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவுகள்.

இவை எல்லாம் 'நிறுத்து', 'இடி', 'கட்டுப்படுத்து' என்ற உத்தரவுகள். யாருக்கு எவ்வளவு இழப்பு, அதை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு ரிட் மனு நோஞ்சான். சாட்சி, குறுக்கு விசாரணை, ஆள் ஆளாக மருத்துவச் சான்று என்று உண்மை விவரங்களுக்குள் இறங்க ரிட் நீதிமன்றம் தயங்கும். அதைக் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்கள் அனுபவித்தார்கள். பாண்ட்ஸ் தொடங்கிய அந்த ஆலை 1987இல் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி வெளிச்சத்துக்கு வந்ததும் ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர் நலச் சங்கம் 2006இல் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மருத்துவ அறிக்கைகளுக்கு நடுவே பத்தாண்டு ஓடி, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்குமாகச் சமரசம் ஆனது. தொகை வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாகவே நிறுவனம் சொன்னது. தொழிலாளர் உடல்நலக் கேட்டுக்கு ஆலை காரணம் என்பதை அது ஒப்பவில்லை. மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் விடலாம் என்ற சண்டை தனியாக நடந்தது.

இதன் பக்கத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தூசி வழக்கை வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் ஒவ்வொருவர் வேலை செய்த காலம் வேறு, நுரையீரல் நிலை வேறு. 2016இல் நீதிமன்றம் சிலிக்கா தூசி நோய்க்கு ஒரு குழு, காசநோய்க்கு ஒரு குழு என்று பிரித்து அனுமதித்தது. வழக்கு நடக்கும்போது இறந்துபோனவரின் இழப்பீடு குடும்பத்துக்குப் போகும் என்றும் சொன்னது. 2019இல் ஒப்புதல் பெற்ற சமரசம் குறைந்தது 500 கோடி ராண்ட். நோயின் நிலைக்கு ஏற்ற தொகை ஆவணத்திலேயே இருந்தது. ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பது குழு வழக்குக்குத் தடை என்று இங்கே சொல்வார்கள். வேறுபாட்டை உட்குழுவாகப் பிரித்தால் பாதித் தடை போய்விடும்.

மலையில் இழப்பீட்டுக்கு இன்று கைக்கு எட்டும் வழி நுகர்வோர் ஆணையம்தான் என்பது எங்கள் கருத்து. கேத்திப் பள்ளத்தாக்கிலோ மன்னவனூரிலோ ஒரே லாட் (ஒரே தொகுதி எண் போட்ட) கேரட் விதையை 200 பேர் வாங்கி, பாதி சரியாக முளைக்காமலும் மீதி கிழங்கு பருக்கும் முன்பே பூத்தும் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். விவசாயியும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் முடித்துவிட்டது. ஆளுக்கு 10,000 ரூபாய் விதைக்குக் கொடுத்திருந்தால் மொத்தம் 20 லட்சம். மாவட்ட ஆணையத்தின் வரம்பு 50 லட்சம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வரம்பு கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. கட்டணம் 400 ரூபாய். விதை நிறுவனம் ஹைதராபாத்தில் இருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம்: நீலகிரிக்காரருக்கு ஊட்டி, கொடைக்கானல்காரருக்குத் திண்டுக்கல்.

தோற்பது பெரும்பாலும் ஆதாரத்தில். கேரட் கிளைவிட்டால் கல், மக்காத சாணம், நூற்புழு என்று காரணம் காட்டுவார்கள்; பூத்துவிட்டால் குளிர் என்பார்கள். ஆகையால் அறுவடைக்கு முன்பே, பயிர் மண்ணில் இருக்கும்போதே, தோட்டக்கலைத் துறையில் எழுத்தில் புகார் கொடுத்து வயலாய்வு அறிக்கை வாங்க வேண்டும். வேறு லாட் விதை போட்ட பக்கத்து வயல் நன்றாக வந்திருந்தால் அதையும் அறிக்கையில் எழுதச் சொல்ல வேண்டும். மண்ணும் குளிரும் ஒன்றாக இருந்தும் பயிர் மட்டும் வேறு என்பதைவிட வலுவான சான்று கிடையாது. லாட் எண் தெரியும் பாக்கெட், கடை பில் இரண்டும் வேண்டும். பில் கேட்காமல் வாங்குவது மலையில் சகஜம். வழக்கு செத்துப்போவதும் அங்கேதான். மிச்ச விதை இல்லையே என்று பயப்பட வேண்டாம். விவசாயி விதையை எடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, அதே லாட் மாதிரியை நிறுவனம் சோதனைக்கு அனுப்பியிருக்கலாமே என்று அந்த 2012 தீர்ப்பே கேட்டிருக்கிறது.

கையெழுத்துப் போட்ட 200 பேருக்கு மட்டும் பணம் போதும் என்றால் கூட்டுப் புகாரே நல்லது. அனுமதி, விளம்பரம் எதுவும் வேண்டாம். வராத மற்றவர்களுக்கும் சேர்த்துக் கேட்பதானால்தான் அந்த 2019 சட்டத்தின் 35ஆம் பிரிவின் 1(சி) உட்பிரிவு. அதற்குப் புகாரோடு தனி அனுமதி மனு வேண்டும். அதில் நலன் எப்படி ஒன்று என்பதை விவரமாக எழுத வேண்டும்: எந்த லாட், எந்த மாதம் விற்றது, எந்தெந்த ஊர், என்ன குறை, என்ன பரிகாரம். பெங்களூரு பிரிகேட் வழக்கில் 1,134 வீடுகள் உள்ள குடியிருப்பில் 91 பேர் எல்லோர் சார்பிலும் போட்டபோது, 2021இல் உச்ச நீதிமன்றம் இந்த விவரம் போதாது என்று சொல்லிக் கூட்டுப் புகாராக மட்டும் நடத்த விட்டது. சிலருக்கு முளைப்பு, சிலருக்குப் பூப்பு என்று குறை இரண்டாக இருந்தால் முதலிலேயே இரண்டாகப் பிரித்து எழுதுவது புத்திசாலித்தனம். கெடு இரண்டு ஆண்டு. ஊர்க்கூட்டம் கூட்டிப் பேசி, கம்பெனி ஆள் வந்து சமாதானம் சொல்லி, அடுத்த போகத்துக்கு இலவச விதை தருகிறேன் என்று இழுத்தடிப்பதிலேயே இந்த இரண்டு ஆண்டும் ஓடிவிடும்.

சமரசத்துக்கு வந்தால், அனுமதி பெற்ற பிரதிநிதித்துவ வழக்கில் முன்னால் நிற்பவர்கள் தாங்களாக முடித்துக்கொள்ள முடியாது. நோட்டீஸும் ஒப்புதலும் வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் கட்டளை, 3பி விதி, அனுமதியில்லாத சமரசம் செல்லாது என்கிறது. ஆவணத்தில் பார்க்க வேண்டியது ஆளுக்கு எவ்வளவு, பெயர் விட்டுப்போனவர் எப்போது வரை வரலாம், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி எதையெதை மூடுகிறது ஆகிய மூன்றும். ஆட்களை அடையாளம் காணவே முடியாத நிலைக்கும் 2019 சட்டத்தின் 39ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் ஏராளம், யார் யார் என்று எளிதில் சொல்ல முடியாது என்றால், விற்ற குறைபாடுள்ள பொருளின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையாத தொகையைக் கட்டச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பில் இல்லாமல் வாங்கியவர்கள் நிறைந்த நம் ஊருக்கு அளந்து தைத்தது போன்ற பிரிவு இது. அந்தப் பணம் நேரே விவசாயி கைக்கு வராது. ஆனாலும் அந்தத் தொகையையும் புகாரின் பரிகாரப் பத்தியில் முதல் நாளே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.